நான்கு பேர் வீட்டுச் சமையலை இதயத்துக்கு ஏற்பத் திருத்துதல்: உப்பு, எண்ணெய், தேங்காய், அரிசி அளவுகளோடு

"கொழுப்பைக் குறைங்க, உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியதும் பல வீடுகளில் முதலில் நின்றுபோவது முட்டையின் மஞ்சள் கரு. ஊறுகாய் ஜாடி அதே இடத்தில் இருக்கும். அப்பளம் பொரியும். காலைச் சட்னிக்கு அரை மூடித் தேங்காய் போகும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை பழைய எண்ணையே காட்டினால் "சாப்பாட்டால் ஒன்றும் ஆகாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். திருத்த வேண்டிய இடத்தில் கை வைக்கவில்லை என்பதுதான் உண்மை. எந்த இடம் என்று நாக்கு சொல்லாது, தராசு சொல்லும். அதனால் இந்த வேலை தராசில் தொடங்குகிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது நான்கு பெரியவர்கள், தினமும் இட்லி தோசை, சாம்பார், ரசம், பொரியல் என்று ஓடும் ஒரு சமையலறை. ஆள் கூடினால் குறைந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம். தேவையானவை: ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, 5 மி.லி. அளவு ஸ்பூன், ஒரு மார்க்கர் பேனா, சிறிய நோட்டு.

ஒரு மாத அளவெடுப்பு

முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம். எண்ணெய் கேன், நெய் பாட்டில், உப்பு ஜாடி மூன்றின் மேலும் திறந்த தேதியை எழுதுங்கள். காய் கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் எடுக்கும் உப்பைத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு கெடும். மாதக் கடைசியில் மீதியை எடைபோட்டால் போதும். ஒவ்வொரு வேளையும் எடைபோட உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் சலித்து விட்டுவிடுவீர்கள்.

ஒப்பிட வேண்டிய எல்லை இது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. நான்கு பேருக்கு நாளுக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்கிறது என்றால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டுகிறது. ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், ஓட்டல் சாப்பாடு எல்லாம் இதற்கு மேல்.

எண்ணெய்க்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் 2000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம். நான்கு பேருக்கு 108 கிராம், ஏறத்தாழ 118 மி.லி. மாதத்துக்கு மூன்றரை லிட்டர். வெளியே தின்னும் வடையும் முறுக்கும் இதற்குள் அடங்க வேண்டும் என்பதால் வீட்டுக்குள் இரண்டரை லிட்டரைக் குறியாக வைப்பது நல்லது. நெய்யும் அதற்குள்ளேதான்.

உப்பு: முதலில் இங்கேதான்

உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தத்தில் பலன் சில வாரங்களிலேயே தெரியும். கெட்ட கொழுப்பு குறைவதற்குள் இது கண்ணில் படும் என்பதால் வீட்டில் நம்பிக்கையும் வரும்.

சமையலுக்கு நாளுக்கு 16 முதல் 17 கிராம் என்று வைத்து இப்படிப் பிரிக்கலாம்: காலை 16 இட்லிக்கு 4, சட்னிக்கு 2, 600 மி.லி. சாம்பாருக்கு 4, அரை லிட்டர் ரசத்துக்கு 3, பொரியலுக்கு 2, இரவு மோருக்கோ சட்னிக்கோ ஒன்றரை. சோறு வடிக்க உப்பு வேண்டாம். மாவில் முன்பே போட்ட இட்லி உப்பு போக மீதிப் பன்னிரண்டரை கிராமைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்து, நாள் முழுக்க அதிலிருந்தே போடுவதுதான் நடைமுறையில் நிலைக்கும் வழி. கிண்ணம் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. ஸ்பூன் கணக்கை நம்பாதீர்கள். தூள் உப்பு ஒரு ஸ்பூன் தலை தட்டினால் 6 கிராம் அளவுக்கு வரும், கல் உப்பு பரலின் அளவைப் பொறுத்து மாறும், குவியலாக எடுத்தால் இரண்டுமே எகிறும்.

ஒரே நாளில் பாதியாக்கினால் மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜைக்கு உப்பு டப்பா வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு என்று இறங்குங்கள். நாக்கு பழக ஓரிரு மாதம் ஆகும். பழகிய பிறகு ஓட்டல் சாம்பார் கரிக்கும், அதுதான் சரியாக இறங்கியிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

உப்பை மட்டும் குறைத்து மற்றதை அப்படியே விட்டால் குழம்பு கெடும். காரணம், புளிப்பையும் கசப்பையும் அமுக்கி வைப்பது உப்பு. உப்பு கால் பங்கு குறைந்தால் புளியும் இறங்க வேண்டும்: 25 கிராம் புளி போட்ட இடத்தில் 18 கிராம். தாளிப்பில் வெந்தயத்தைப் பாதியாக்குங்கள், இல்லையென்றால் கசப்பு தூக்கும். பாகற்காய்க்கும் சுண்டைக்காய்க்கும் இதே சிக்கல்தான், அவற்றில் சின்ன வெங்காயத்தைக் கூட்டினால் சமாளிக்கலாம். மல்லி, மிளகு, சீரகத்தை எண்ணெயில்லாமல் வறுத்து அன்றே பொடித்துப் போட்டால் உப்புக் குறை பாதி தெரியாது. ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது உப்பைப் போடுங்கள். எலுமிச்சையும் அப்படியே, கடைசியில்.

இட்லி மாவைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 800 கிராம் அரிசியும் 200 கிராம் உளுந்தும் அரைத்தால் ஏறத்தாழ இரண்டரை கிலோ மாவு, 50 கிராம் இட்லியாக 48 வரை வரும். இதற்கு வழக்கமாக விழும் 20 கிராம் உப்பை 12 கிராமாக்கினால் இட்லிக்குக் கால் கிராம். உப்பு புளிப்பை நிதானப்படுத்துவது. அதைக் குறைத்தால் மாவு சீக்கிரம் பொங்கி சீக்கிரம் புளிக்கும். கோடையில் பொங்கி வந்ததுமே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், வழக்கமான நேரம் வரை காத்திருந்தால் புளித்துவிடும். அரைக்கும்போது குளிர்ந்த நீர் விடுவதும் உதவும்.

அடுத்து ஊறுகாய். ஒரு கிலோ மாங்காய்க்கு 150 கிராம் உப்பு, 100 கிராம் மிளகாய்த்தூள், கால் லிட்டர் எண்ணெய் என்று போட்டால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு உப்பு. தட்டில் வைக்கும் 15 கிராம் ஊறுகாயில் ஒன்றரை கிராம், அதாவது ஒரு நாள் அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. ஊறுகாயில் உப்பைக் குறைத்துப் போட முயலாதீர்கள், பூசணம் பிடிக்கும். அளவைக் குறைப்பதுதான் வழி. தயிர்ச் சோற்றுக்கு வேறு துணை வேண்டுமென்றால் மாங்காயைப் பொடியாக நறுக்கி, 200 கிராமுக்கு 2 கிராம் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு அன்றே தீர்த்துவிடுங்கள். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் ஒன்றுக்கு அரை கிராம் உப்புக்குச் சமமான சோடியம் வரும். வாரம் ஒரு நாள், அதுவும் தணலில் சுட்டு. மோர் மிளகாய், வத்தல், கருவாடு இவையும் அதே வரிசை. கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை இருபது இருபது நிமிடம் ஊற வைத்துக் கொட்டினால் உப்பில் நல்ல பங்கு போய்விடும், குழம்பில் தனியாக உப்புப் போடத் தேவையே இருக்காது.

இந்துப்பு பற்றி ஒரு வார்த்தை. இளஞ்சிவப்பாக இருந்தாலும் அதுவும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று நம்பி இரண்டு மடங்கு விலை கொடுப்பவர்களுக்கு அயோடினும் சரியாகக் கிடைக்காமல் போகிறது. உண்மையில் வேறுபட்டது பொட்டாசியம் குளோரைடு கலந்த குறைசோடிய உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் முன்பே பக்கவாதம் கண்டவர்கள். மற்றவர்கள் 60 வயதைக் கடந்த ரத்த அழுத்தக்காரர்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வீட்டில் ஒருவருக்கு இப்படி இருந்தாலும் பொது ஜாடியில் இதைக் கொட்டாதீர்கள்.

எண்ணெயும் தேங்காயும்

எந்த எண்ணெய் என்ற சண்டைக்கு முன்னால் எவ்வளவு என்பதைத் தீர்க்க வேண்டும். நாளுக்கு 17 ஸ்பூன், அதாவது 85 மி.லி. எட்டு தோசைக்கு 4, சாம்பார் தாளிப்பு 2, ரசம் 1, பொரியல் 4, கூட்டு 1, சட்னித் தாளிப்பு 1, இரவுக்கு 4. தாளிக்க இரண்டு ஸ்பூன் போதும், கரண்டியைச் சாய்த்துப் பிடித்தால் கடுகு முழுக்க மூழ்கும். வாணலியின் நடுவில் பரப்பித் தாளிப்பதால்தான் நான்கு ஸ்பூன் கேட்கிறது. கத்தரிக்காய் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே போகும். முதலில் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, பிறகு வதக்கினால் மூன்றில் ஒரு பங்கில் முடியும். பழகிய இரும்புத் தோசைக்கல்லுக்கு வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும். கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் மறுநாள் தோசை ஒட்டும், அப்போது கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும்.

வத்தக்குழம்பில் மட்டும் கவனம் தேவை. மிதக்கும் எண்ணெய்தான் அதை நாள்பட வைத்திருப்பது. 100 மி.லி. எண்ணெயை 30 ஆக்கினால் வெளியில் வைக்க முடியாது. ஃபிரிட்ஜில் வைத்து, எடுக்கும்போதெல்லாம் ஈரமில்லாத கரண்டி.

வகை என்று வந்தால், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எல்லாவற்றிலும் நிறைவுற்ற கொழுப்பு கால் பங்குக்குள் அடங்கும். பாமாயிலில் பாதியை நெருங்கும், நெய்யில் பத்தில் ஆறு பங்கு, தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு பங்குக்கு மேல். எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை ஏற்றுவது பெரும்பாலும் இந்த நிறைவுற்ற கொழுப்புதான். உணவில் வரும் கொலஸ்ட்ராலை விட இதன் பங்கு பெரிது, மஞ்சள் கருவை நிறுத்திவிட்டுத் தேங்காய்ப்பால் குருமா வைப்பதில் பயன் இல்லாததற்கு அதுவே காரணம். செக்கில் ஆட்டியதா ஆலையில் எடுத்ததா என்பதால் இந்த விகிதம் மாறாது. மணம் மாறும், அவ்வளவுதான். வனஸ்பதியில் சுட்ட பஃப்ஸ், கேக்கைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணெயை வனஸ்பதியாக இறுகச் செய்யும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெய் கொழுப்புகளில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. ஆனால் பஃப்ஸில் நிறைவுற்ற கொழுப்பும் மைதாவும் அப்படியேதான் இருக்கின்றன.

தேங்காய்க்குக் கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். அரை மூடியில் 150 கிராம் பருப்பு இருந்தால் கொழுப்பு 50 கிராம், அதில் 45 கிராம் நிறைவுற்றது. நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 11 கிராம். 2000 கலோரிக்கு நாளுக்கு 22 கிராம்தான் மேல் எல்லை. ஒரு வேளைச் சட்னியிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

தேங்காயை ஒழிக்கத் தேவையில்லை. நம் சமையலிலிருந்து அதை முழுக்க எடுத்தால் யாரும் சாப்பிடமாட்டார்கள், திருத்தமும் நிற்காது. 40 கிராம் தேங்காய், 40 கிராம் பொட்டுக்கடலை, 30 கிராம் வறுத்த வேர்க்கடலை, இரண்டு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி. இதில் நிறைவுற்ற கொழுப்பு ஆளுக்கு மூன்றரை கிராம். பொட்டுக்கடலை நின்றால் இறுகி மாவுபோல் ஆகும். தேங்காயும் மிளகாயும் அரைபட்ட பின் கடைசியில் சேர்த்து இரண்டு சுற்று மட்டும் ஓட்டி, பரிமாறும் முன் நீர் விடுங்கள். கூட்டுக்கும் அவியலுக்கும் 50 கிராம் தேங்காயைச் சீரகத்தோடு நைசாக அரைத்து இறக்கும் நேரத்தில் கலந்தால் மணம் தூக்கலாக நிற்கும், 100 கிராமை முதலிலேயே போட்டுக் கொதிக்க விட்டதை விட.

பால் ஒரு லிட்டர் வாங்கும் வீட்டில் ஃபுல் கிரீமில் 6 சதவீதக் கொழுப்பு, டோன்டில் 3. மாறினால் நாளுக்கு 30 கிராம் கொழுப்பு மிச்சம். தயிர் நீர்த்துப்போகிறது என்பது வழக்கமான புகார். பால் பொங்கிய பின் சிறு தீயில் பத்து நிமிடம் சுண்ட விட்டு, கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றினால் கெட்டியாக வரும்.

அரிசி, பருப்பு, காய்

நம் ஊர்க்காரர்கள் பரிசோதனைச் சீட்டில் அடிக்கடி காண்பது ஏறிய ட்ரைகிளிசரைடும் (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) இறங்கிய எச்.டி.எல்.லும் (நல்ல கொழுப்பு). இதற்கு எண்ணெயைக் காட்டிலும் தட்டு நிறைய வெள்ளைச் சோறும் மூன்று வேளைக் காப்பிச் சர்க்கரையும்தான் பெரும்பாலும் பொறுப்பு. அதே 2024 வழிகாட்டியில் தானியம் நாளுக்கு 250 கிராம், பருப்பு வகை 85, காய்கறி 400. சமைக்காத எடை.

தானியத்தில் இட்லி அரிசியும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். நான்கு இட்லியில் 67 கிராம் அரிசி. மதியத்துக்கு 80, இரவுக்கு 80 என்றால் எல்லைக்குள் நிற்கும். இரண்டில் ஒரு வேளையைக் கைக்குத்தல் அரிசிக்கோ சிறுதானியத்துக்கோ மாற்றலாம். கைக்குத்தல் அரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து ஒன்றுக்கு மூன்று பங்கு நீரில் ஐந்தாறு விசில். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு இரவு முழுக்க ஊறல் தேவை. வெள்ளை அரிசியோடு கலந்து ஒரே குக்கரில் வைக்காதீர்கள், ஒன்று குழையும், மற்றது விறைக்கும். அரிசியின் நிறத்தை மாற்றிவிட்டு அளவை மாற்றாமல் விட்டால் ட்ரைகிளிசரைடு அசையாது.

பருப்பில்தான் பெரும்பாலான வீடுகள் பாதிக்கும் கீழே நிற்கின்றன. 100 கிராம் துவரையில் சாம்பார் வைத்தால் ஆளுக்கு 25. நான்கு இட்லியில் உளுந்து 17. மீதி 43 கிராமில் பெரும்பங்குக்கு மாலைச் சுண்டல்தான் எளிய வழி, வடைக்கும் பஜ்ஜிக்கும் அதுவே மாற்று. 120 கிராம் கொண்டைக்கடலையை இரவு ஊற வைத்து, நீரைக் கொட்டி, புது நீரில் ஐந்து விசில். உப்பு 1 கிராம், மாங்காய்த் துருவல், எலுமிச்சை. பச்சைப்பயறும் தட்டைப்பயறும் மாறி மாறி வரட்டும். கடலை வேகவே மாட்டேன் என்கிறதா? பெரும்பாலும் போர்த் தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம். அதில் உள்ள கால்சியம் தோலை இறுக்கும். உடனே சோடா உப்பை எடுக்காதீர்கள், அதிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சோடியம். குடிநீரில் ஊற வைத்து வேக வைத்தால் தீர்ந்தது. எலுமிச்சையும் புளியும் வெந்த பிறகுதான், முன்னால் போட்டால் கடலை அப்படியே நிற்கும்.

நீரில் கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்.ஐக் குறைக்கும். ஓட்ஸில் உள்ள அத்தகைய நார்ச்சத்தான பீட்டா குளுக்கான் நாளுக்கு 3 கிராம் கிடைக்க 75 கிராம் ஓட்ஸ் வேண்டும், ஒரு ஸ்பூன் தூவுவதால் ஆகாது. இரவுச் சோற்றுக்குப் பதிலாக ஓட்ஸ் உப்புமாவோ பார்லிக் கஞ்சியோ என்றால் கணக்குச் சரிவரும். மசாலா ஓட்ஸ் பாக்கெட் வேண்டாம். பின்னால் சோடியம் எத்தனை மி.கி. என்று பார்த்து இரண்டரையால் பெருக்குங்கள், அதுதான் உப்பு. கனடாவில் டொரண்டோ ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட பரிசோதனையில் ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் (தாவரங்களில் உள்ள, கொலஸ்ட்ராலைப் போன்ற பொருள்) இவற்றோடு வெண்டைக்காயும் கத்தரிக்காயும் இருந்தன. நான்கு வாரத்தில் எல்.டி.எல். ஏறத்தாழ 29 சதவீதம் இறங்கியது. ஸ்டெரால் சேர்த்த மார்கரின் நம் கடைகளில் எளிதில் கிடைக்காது, அந்தக் கட்டுப்பாடும் வீட்டில் வராது. அதனால் பத்து, பதினைந்து சதவீதத்தை எதிர்பார்ப்பது நியாயம். வெண்டைக்காய் நம்மிடம் தாராளமாக இருக்கிறது, அதன் வழுவழுப்பே அந்த நார்ச்சத்துதான். வழுவழுப்புப் போக எண்ணெயில் முறுக வதக்குவதற்குப் பதில் சாம்பாரில் போட்டுவிடுங்கள்.

காய் 400 கிராம் என்றால் நால்வருக்கு 1,600 கிராம். அரைக் கிலோ பொரியலில் ஓடும் வீட்டில் இது மலைப்பாகத் தெரியும். முதல் மாதம் ஒரு கிலோ வரட்டும்: மதியம் ஒரு கீரை, ஒரு காய், இரவுக்கு ஒரு கூட்டு. உருளைக்கிழங்கு இதில் சேராது. 1997-ல் வெளியான அமெரிக்காவின் டேஷ் ஆய்வில் உப்பைக் குறைக்காமலேயே காய், பழம், கொழுப்புக் குறைந்த பால் மூன்றையும் கூட்டியதில், ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 இறங்கியது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது, அதில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். தினமும் ஒரே அளவாகச் சாப்பிட்டு, டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும். மீன் சாப்பிடுபவர்கள் வாரம் இரண்டு நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பாக. சைவர்கள் ஆளிவிதையை வறுத்துப் பொடித்து நாளுக்கு ஒரு மேஜைக்கரண்டி. முழு விதை அப்படியே வெளியேறிவிடும், பொடியும் நாள்பட்டால் காறும், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சரிபார்த்தல்

தொடங்கும் முன் ஒரு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை, பத்து, பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும், அதே லேபில், இரண்டு முறையும் வெறும் வயிற்றில். காய்ச்சல் வந்து தேறிய சில வாரங்களுக்குள் எடுத்தால் எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து காட்டும். ரத்த அழுத்தத்தை வீட்டில் பார்ப்பதென்றால் காப்பிக்கு முன், ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, இரண்டு முறை எடுத்து எழுதுங்கள். உப்புக் குறைந்த பின் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் மாத்திரையின் அளவு இப்போது கூடுதலாக இருக்கலாம், அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். எண்கள் எவ்வளவு நன்றாக வந்தாலும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினையோ அழுத்த மாத்திரையையோ தாமாக நிறுத்தக்கூடாது, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகும் எல்.டி.எல். அசையவில்லை என்றால் முதலில் எண்ணெய்க் கேனின் தேதியையும் வெளியே சாப்பிட்ட நாட்களையும் பாருங்கள். அங்கே ஓட்டை இல்லை, எல்.டி.எல்.லும் 190-க்கு மேலேயே நிற்கிறது என்றால், அது பரம்பரையாக வரும் கொழுப்புக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மருந்து தேவை, உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.